தங்கை முகத்துக்கு வைத்த வெளிச்சம்

சிலருக்கு நாற்பது வயதில் சர்க்கரை வரும். சிலருக்குப் பக்தி வரும். என் தங்கை வீட்டுக்காரருக்குக் கேமரா வந்தது. சர்க்கரைக்கு மாத்திரை இருக்கிறது, பக்திக்கு யாத்திரை இருக்கிறது. கேமராவுக்கு இதுவரை யாரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

மனிதர் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. வாரம் முழுவதும் அடுத்தவர் வாழ்க்கையில் என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று கணக்குப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தோளில் பையை மாட்டிக்கொண்டு புகைப்படக்காரர்கள் சங்கத்துக்குப் போய்விடுவார். அங்கே ஒரு மாஸ்டர் இருக்கிறார். நான் அவரைப் பார்த்ததில்லை, ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். மின்விளக்கு பொய். ஃப்ளாஷ் பாவம். ஜன்னல்தான் சத்தியம். எல்லாவற்றுக்கும் மேல், வெள்ளை வெடிக்கக் கூடாது. அதாவது படத்தில் வெளிச்சம் அதிகமாகி வெள்ளைத் துணியோ வானமோ வெறும் காகிதம்போல் ஆகிவிட்டால், எடுத்தவன் மனிதப் பிறவியே இல்லை.

இதைக் கேட்டுவிட்டு வந்த வாரமே கூடத்தில் இருந்த குழல்விளக்கைக் கழற்றிப் பரண்மேல் போட்டார். என் தங்கை அன்றிலிருந்து வெங்காயம் நறுக்க ஜன்னலுக்கு வருகிறாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தேநீர்க் கோப்பையைக் கையில் கொடுப்பார்கள், மாப்பிள்ளை குடிக்க விடமாட்டார். "கொஞ்சம் பொறுங்க, ஆவி மேல வெளிச்சம் விழுது" என்பார். ஆவி போய், சூடு போய், விருந்தாளியின் உயிரும் பாதி போன பிறகு படம் வரும். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து என்பார்கள், இவர் முட்டையைப் படம் எடுத்து, பூட்டைப் படம் எடுத்து, கடைசியில் மனிதர்களுக்கு வந்து சேர்ந்தார். குடும்பத்தில் அவருக்கு 'வெளிச்ச மாப்பிள்ளை' என்று பெயர். வைத்தவள் நான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

"இருட்டு இருந்தாத்தான் அண்ணி வெளிச்சத்துக்கு மதிப்பு. கான்ட்ராஸ்ட்டுன்னா அதுதான்" என்று என்னைப் பார்த்து அடிக்கடி சொல்வார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கெட்ட எண்ணம் வருவதற்கு முதலில் கொஞ்சம் யோசிக்க வேண்டுமே.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கறுப்பு. உறவுக்காரர்கள் மரியாதைக்கு மாநிறம் என்பார்கள். மாநிறத்துக்கும் எனக்கும் நடுவில் இரண்டு பஸ் நிறுத்தம் இருக்கிறது. தங்கை அப்பாவைக் கொண்டு எலுமிச்சை நிறம். நான் அம்மாவைக் கொண்டு அம்மா நிறம். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கண்ணாடி என்னை எப்போதும் ஒழுங்காகத்தான் காட்டியிருக்கிறது. கேமராதான் காட்டாது. எங்கள் குடும்பப் படங்களில் தங்கை இருப்பாள், அவளுக்குப் பக்கத்தில் என் உடை நிற்கும். உற்றுப் பார்த்தால் உடைக்குமேல் ஒரு வரிசைப் பல் தெரியும். "சிரிடி, அப்பத்தான் நீ இருக்கறது தெரியும்" என்று படம் எடுக்கும்போதெல்லாம் அம்மா விலாவில் இடிப்பாள்.

ஆறுதலுக்குப் பழமொழிகளும் வைத்திருக்கிறார்கள். கறுப்பே அழகு, காந்தலே ருசி. இதைச் சொல்கிறவர்கள் யாரும் பானை அடியில் பிடித்த காந்தலைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது இன்னொன்று. அந்தக் காக்கை வெளியே கிளம்பும்முன் கண்ணாடி முன்னால் நின்று அரை டப்பா பவுடர் போடும் என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது. என் அம்மா போடுவாள்.

எனக்குப் படத்தின்மேல் ஆசை வந்தது இந்த மாதம்தான். மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவுக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். அங்கே வாசலிலிருந்து உள்ளே போகும் நடைவழியில், ஒவ்வொரு பிரிவின் தலைவர் படமும் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருக்கும். வெள்ளைக் கோட்டு, கட்டிய கை, கடன் கொடுத்தவர்போல ஒரு முறைப்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் படங்களுக்குக் கீழேதான் நடக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தச் சுவரில் இருக்க வேண்டும். வேறு யாரோ மாதிரி இல்லை, பல்லும் உடையும் மாதிரி இல்லை, நான் மாதிரியே இருக்க வேண்டும். கதவைத் திறந்து வருகிற நோயாளி படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து என்னைப் பார்த்தால், இவர்தான் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவு பெரிய ஆசையா இது?

நிர்வாக அலுவலர் கறாராகச் சொல்லிவிட்டார். "சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள படம் வந்துடணும் மேடம். வரலைன்னா உங்க அடையாள அட்டையில இருக்கற படத்தையே பெருசாக்கி மாட்டிடுவோம்." அடையாள அட்டைப் படத்தை நீங்கள் பார்த்ததில்லை. காவலாளி தினமும் அதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு இரக்கப்பட்டு உள்ளே விடுவார்.

முதலில் ஒரு ஸ்டூடியோவுக்குத்தான் போனேன். எடுத்தார்கள், கணினியில் தேய்த்தார்கள், கொடுத்தார்கள். கவரைப் பிரித்தால் உள்ளே சாம்பலும் ரோஜாவும் கலந்த நிறத்தில் ஒரு பெண்மணி. ஆள் மாறிக் கொடுத்துவிட்டார்களோ என்று திரும்பப் போய்க் கேட்டேன். "உங்களைத்தாங்க, நல்லா பளிச்சுன்னு பண்ணிக் குடுத்திருக்கோம்" என்றார் கடைக்காரர், உபகாரம் செய்தவர் குரலில். செய்த உபகாரத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்தது. "வீட்டுலயே ஒரு கலைஞரை வச்சுக்கிட்டு கடை கடையா ஏறுவாளாமே" என்றாள். கலைஞர் அன்று மாலையே தொலைபேசியில் வந்தார். "அண்ணி, சனிக்கிழமை காலைல வந்துடுங்க. வடக்கு ஜன்னல். இயற்கை வெளிச்சம். வெள்ளைக் கோட்டு, உங்க முகம், கான்ட்ராஸ்ட் சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்." என் வீட்டுக்காரர் புத்திசாலி. சனிக்கிழமை வெளியூரில் வேலை என்று கழன்றுகொண்டார்.

நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் சோபாவைக் காணோம், சாப்பாட்டு மேசையைக் காணோம். எல்லாம் படுக்கையறைக்குள் குடியேறியிருந்தன. ஜன்னல் ஓரத்தில் ஒரு ஸ்டூல், அதற்கு எதிரே முக்காலியில் கேமரா. தங்கை வெள்ளைச் சட்டை போட்டு, கையில் பெரிய தெர்மாக்கோல் அட்டையோடு நின்றாள். புது ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியில் இருந்ததாம்.

"இது எதுக்குடி?"

"ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம்தான் விழுமாம். இந்த அட்டை அதைத் திருப்பி உன் இன்னொரு கன்னத்துல போடுமாம். நான் வெள்ளைச் சட்டை போட்டதும் அதுக்குத்தான். வீட்டுல இப்ப எனக்கு வேலை அட்டை பிடிக்கறது."

"சமையல்?"

"கேக்காத."

கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்காரப் போனேன். மாப்பிள்ளை பதறிவிட்டார். "இருங்க அண்ணி, அளவு பார்க்கணும்." தங்கை பழக்கப்பட்டவள்போல அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் கேமரா வழியாக அவள் முகத்தைப் பார்த்தார், ஏதோ திருகினார், ஒரு படம் எடுத்தார், திரையில் பார்த்தார். "பிரமாதம்" என்றார். மனைவியைப் பார்த்துப் பிரமாதம் என்று சொல்லும் கணவர் உலகத்தில் எத்தனை பேர் என்று நானும் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். பிறகு, "நீ எழுந்திரு. அண்ணி, உட்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். முகவாயை உயர்த்து என்றார், தாழ்த்து என்றார், தோளை ஜன்னல் பக்கம் திருப்பு என்றார். மூச்சு விடலாமா என்று கேட்டேன். அதற்கு மாஸ்டர் ஏதும் சொல்லவில்லைபோல, யோசித்துவிட்டு விடலாம் என்றார். கிளிக். கேமராவின் திரையில் குனிந்து பார்த்தோம். வெள்ளைக் கோட்டு அற்புதமாக வந்திருந்தது. பொத்தான் துளையில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிந்தது. கோட்டுக்குமேல் இருட்டு. இருட்டில் இரண்டு கண்.

"கோட்டு எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க அண்ணி. வெள்ளை கொஞ்சம்கூட வெடிக்கல."

"கோட்டுக்கா மாப்பிள்ளை பதவி உயர்வு குடுத்தாங்க?"

"மேகம் வந்துடுச்சு, அதான்" என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். இவருக்கு வானமே கோணல். மேகம் விலகட்டும் என்று காத்திருந்தோம். மேகம் விலகியது. உடனே தங்கை உட்கார்ந்தாள், அளவு பார்த்தார், பிரமாதம் என்றார், அவள் எழுந்தாள், நான் உட்கார்ந்தேன். மறுபடியும் கோட்டு. அம்மா கைப்பையைத் திறந்து பவுடர் டப்பாவை எடுத்தாள். "கொஞ்சமா போட்டுக்கோடி, எடுப்பா இருக்கும்." முடியாது என்றேன். "பிடிவாதத்துல மட்டும் குறைச்சல் இல்ல" என்று சொல்லி, எடுத்த பவுடரை வீணாக்காமல் தானே போட்டுக்கொண்டு தேநீர் வைக்கச் சமையலறைக்குப் போனாள்.

ஜன்னல் திரையை இழுத்தார், விலக்கினார். அட்டையை மேலே தூக்கச் சொன்னார், கீழே இறக்கச் சொன்னார். தங்கைக்குக் கை வலித்தது, எனக்கு இடுப்பு வலித்தது. ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் கொஞ்சம் மாறும், ஒவ்வொரு தடவையும் தங்கை உட்கார்ந்து எழுந்தாள். "பேசாம கம்ப்யூட்டர்ல முகத்தை மட்டும் ஏத்திடறேன் அண்ணி" என்றார் கடைசியில். அந்தச் சாம்பல் பெண்மணி எனக்கு ஞாபகம் வந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அடையாள அட்டைப் படம் ஆள் உயரத்துக்குப் பெரிதாகி நடைவழியில் தொங்குவது என் கண்ணுக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிடும்போல் இருந்தது. எனக்கு அழுகை வந்தால் முதலில் கோபம்தான் வெளியே வரும்.

தங்கை மறுபடி ஸ்டூலை நோக்கி நடந்தாள்.

"நில்லு" என்றேன். "மாப்பிள்ளை, எதுக்கு ஒவ்வொரு தடவையும் இவளை உட்கார வைக்கிறீங்க?"

"அளவு பார்க்கத்தான் அண்ணி."

"யாரோட அளவு?"

"வெளிச்சத்தோட அளவு. நான் யாரை எடுத்தாலும் முதல்ல இவளை வச்சுத்தான் பார்ப்பேன். இவ முகத்துலதானே கத்துக்கிட்டேன். இவ முகம் சரியா வந்துட்டா எல்லாம் சரியா வரும்."

இந்த மனிதர் கேமரா வாங்கியதிலிருந்து எடுத்த எங்கள் குடும்பப் படம் ஒவ்வொன்றும் வரிசையாக மனதில் ஓடியது. பிறந்தநாள், சுற்றுலா, அம்மா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த நாள். எல்லாமே என் தங்கை முகத்துக்கு வைத்த வெளிச்சம். அதில்தான் மற்ற எல்லோரும் வந்து நின்று பல்லைக் காட்டியிருக்கிறோம்.

"எங்க பிரிவுல ஒருத்தி புதுசா வந்தா. ஒல்லியா ஒருத்தரைப் படுக்க வச்சு மெஷின்ல அளவு வச்சா. அவர் எழுந்து போனதும் அதே அளவுல ஒரு குண்டு மனுஷனைப் படம் எடுத்தா. எலும்பும் தெரியல, ஒண்ணும் தெரியல. எடுத்துட்டு, 'இவருக்கு எலும்பு சரியில்ல மேடம்'னு என்கிட்டயே வந்து சொன்னா. நீங்க அதைத்தான் பண்றீங்க."

மாப்பிள்ளை கேமராவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னை உட்கார வச்சு, என் முகத்துக்கு அளவு வைங்க."

"வச்சா வெளிச்சம் நிறைய விடணும் அண்ணி. கோட்டு போயிடும். ஜன்னல் போயிடும். வெள்ளை வெடிச்சிடும்!" வீட்டில் சிலிண்டர் வெடிக்கும் என்பதுபோலத்தான் சொன்னார்.

"வெடிக்கட்டும்."

"மாஸ்டர் பார்த்தா..."

"மாஸ்டர் படத்தையா நடைவழியில மாட்டப் போறாங்க?"

உட்கார்ந்தேன். அவர் கேமராவை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, முதல் தடவையாக என் முகத்தையே பார்த்துத் திருகினார். மனிதருக்கு நெற்றியில் வியர்த்தது. திருகுவார், நிறுத்துவார், இன்னும் கொஞ்சம் திருகுவார். தங்கை ஆர்வத்தில் அட்டையோடு இன்னும் நெருங்கி வந்தாள். நான் சிரிக்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. கேமராவைப் பார்த்து, 'தைரியம் இருந்தா எடு' என்று நினைத்துக்கொண்டேன். கிளிக்.

திரையில் நான் இருந்தேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கறுப்பு ஒரே கறுப்பாக இல்லை. நெற்றியில் ஒரு நிறம், கன்னத்து மேட்டில் செம்பு கலந்த இன்னொன்று, மூக்கின் ஓரத்தில் ஆழமாக வேறொன்று. கண்ணுக்குக் கீழே எனக்கு இருக்கும் சோர்வு, வாயோரத்தில் எனக்கு இருக்கும் திமிர், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கண்ணாடியில் தினமும் பார்க்கும் அதே முகம்தான். இதை வேறு யாராவது பார்க்க முடியும் என்று இத்தனை வயதுக்கு எனக்குத் தோன்றியதே இல்லை. சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்ததால் யாரையாவது திட்ட வேண்டும்போலவும் இருந்தது.

"அண்ணி" என்றார் மாப்பிள்ளை. கான்ட்ராஸ்ட் பற்றிக்கூடச் சொல்லவில்லை. கோட்டின் தோள்பட்டை வெள்ளையாகக் கரைந்து போயிருந்தது, ஜன்னலே இல்லை, அவர் அதையெல்லாம் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. படத்தின் ஓரத்தில் மட்டும் விரலை வைத்துக் காட்டினார். அட்டை பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த தங்கை படத்துக்குள் வந்திருந்தாள். வந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. வெள்ளைச் சட்டை, வெள்ளை அட்டை, நடுவில் வெள்ளையாக ஒரு முகம் இருக்க வேண்டிய இடம். அதில் இரண்டு புருவமும் கொஞ்சம் முடியும் மட்டும் மிஞ்சியிருந்தன.

"ஐயோ, நான் பேய் மாதிரி இருக்கேன்" என்று தங்கை சிரித்தாள். இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஓரத்தை வெட்டிடலாம்" என்றார் மாப்பிள்ளை. வெட்டினார். நான் அங்கேயே நின்று, வேறு எதையும் ஏற்றாமல் இறக்காமல், அப்படியே மருத்துவமனைக்கு அனுப்ப வைத்தேன். நிர்வாக அலுவலரிடமிருந்து 'கிடைத்தது' என்று பதில் வந்தபிறகுதான் கோட்டைக் கழற்றினேன்.

அம்மா தேநீரோடு வந்தாள். "படம் வந்துடுச்சா? காட்டுங்க மாப்பிள்ளை" என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவர் வெட்டாத படத்தையே கேமராவில் காட்டினார். அம்மா உற்றுப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"என்ன மாப்பிள்ளை இது, கெட்டுப் போச்சே! சின்னவளைக் காணோம்! புள்ளை முகமே தெரியல. இன்னொண்ணு எடுங்க."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"அம்மா" என்றேன். "உன் வீட்டு அலமாரியில ஒரு பெட்டி நிறைய படம் இருக்கு. அதுல ஒண்ணுலகூட என் முகம் இல்ல. ஒரு தடவையாவது படம் கெட்டுப் போச்சுன்னு நீ சொல்லியிருக்கியா? என்னைக் காணோம்னு யாரையாவது கேட்டிருக்கியா? பல்லைக் காட்டுன்னுதானே என்கிட்டச் சொன்ன."

இப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றவில்லை. வலித்தது, அதனால் கேட்டேன்.

அம்மா தேநீர்த் தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கேமராவை இரண்டு கையாலும் வாங்கினாள். மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை ஓரத்தைப் பார்க்கவில்லை. வெகுநேரம் பார்த்தாள். திரையில் என் முகத்தின்மேல் விரலை வைத்தாள், பட்டு அழிந்துவிடும் என்று பயந்ததுபோல உடனே எடுத்தாள்.

"உன் முகம் இப்படியா இருக்கு?"

"உன்னை மாதிரி இருக்கும்மா."

"என்னை மாதிரியா?" நான் ஏதோ கேலி செய்கிறேன் என்று நினைத்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கேலி செய்யவில்லை என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்கு அவள்மேல் தப்பில்லை, நான் எப்போதும் கேலிதானே செய்கிறேன். கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். ஜன்னல் ஓரத்துக்குப் போய், ஸ்டூலைக் கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

தங்கை வழக்கம்போல அளவு பார்க்க வந்து பக்கத்தில் நின்றாள். அம்மா அவளைக் கையால் தள்ளி நிறுத்தினாள்.

"மாப்பிள்ளை" என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "பெரியவளுக்கு வச்சீங்களே, அந்த அளவை மாத்தாதீங்க."